18 வயதோடு முடிவதில்லை: மணமுறிவு பற்றிய ஒரு நூலை மலாக்காவில் இருந்து வாசித்தால்



"அவன் வீட்டுல அப்பா அம்மா பிரிஞ்சிட்டாங்க டீச்சர், அதான் அப்படி." ஆசிரியர் அறையில் இந்த வாக்கியத்தை எத்தனை தடவை கேட்டிருப்பீர்கள்? வீட்டுப்பாடம் செய்யாத பையனுக்கும் இதே காரணம், வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைக்கும் இதே காரணம், சண்டை போட்டவனுக்கும் இதே காரணம். கேட்பவர் தலையாட்டுவார். பேச்சு அதோடு முடிந்துவிடும். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் யாராவது இதையே கொஞ்சம் நாகரிகமாக, "ஆய்வே சொல்லுது" என்று சேர்த்துச் சொல்வார்.

எந்த ஆய்வு? அங்கேதான் நாம் நிற்க வேண்டியிருக்கிறது. இந்தத் துறையில் உலகெங்கும் அதிகம் பேசப்பட்ட நூல்களில் ஒன்று, அமெரிக்க உளவியலாளர் ஜூடித் வாலர்ஸ்டீன், ஜூலியா லூயிஸ், சாண்ட்ரா பிளேக்ஸ்லி ஆகிய மூவரும் எழுதி 2000-இல் வெளிவந்த 'தி அன்எக்ஸ்பெக்டட் லெகஸி ஆஃப் டிவோர்ஸ்'. பெற்றோர் பிரிந்தால் அதன் பாதிப்பு பிள்ளைப் பருவத்தோடு முடிவதில்லை, வளர்ந்து ஆளான பிறகும் தொடர்கிறது என்பதே நூலின் மையக் கருத்து. நம் பயிற்சிப் பட்டறைகளில் சொல்லப்படும் பல கருத்துகளுக்கு வேர் இந்த மாதிரி நூல்களில்தான் இருக்கிறது. அதனால் இதை ஜாசினிலும் அலோர் காஜாவிலும் மெர்லிமாவிலும் பாடம் நடத்தும் நாம் எப்படி வாசிக்க வேண்டும் என்று பார்ப்போம்.

நூலில் என்ன இருக்கிறது?

1971-இல், சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே உள்ள மரீன் கவுண்டியில் 60 குடும்பங்களைச் சேர்ந்த 131 பிள்ளைகளோடு வாலர்ஸ்டீன் ஆய்வைத் தொடங்கினார். பெற்றோர் அப்போதுதான் பிரிந்திருந்தார்கள். அந்தப் பிள்ளைகளை விடாமல் பின்தொடர்ந்து, 25 ஆண்டுகள் கழித்தும் அவர்களில் பெரும்பாலோரை நேரில் சந்தித்துப் பேசினார். கேள்வித்தாள் கொடுத்துவிட்டுப் போகும் ஆய்வு இல்லை இது. மணிக்கணக்காக உட்கார்ந்து கதை கேட்ட ஆய்வு. அதுதான் நூலின் பலம்.

நூலில் கேரன் என்று ஒரு பெண் வருகிறாள். பெற்றோர் பிரிந்ததும் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது, அம்மாவைத் தேற்றுவது, வீட்டு வேலை எல்லாம் அவள் தலையில் விழுகிறது. வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு அவள் "ரொம்பப் பொறுப்பான பிள்ளை". வளர்ந்த பிறகு தனக்கு என்ன வேண்டும் என்றே அவளுக்குத் தெரியவில்லை. யாருக்காவது தன் உதவி தேவைப்பட்டால்தான் அவரோடு ஒட்ட முடிகிறது. லாரி என்று ஒரு பையன் வருகிறான். அப்பா அம்மாவை அடிப்பதைப் பார்த்து வளர்ந்தவன். பிரிவுக்குப் பின் அப்பாவின் பக்கமே சாய்ந்து, அம்மாவை அப்பாவின் வாயாலேயே திட்டுகிறான். அதில் இருந்து வெளியே வர அவனுக்குப் பல வருடங்கள் பிடிக்கின்றன.

நீங்களும் நானும் இவர்களைப் பார்த்திருக்கிறோம், இல்லையா? ஆறாம் ஆண்டில் தலைமை மாணவியாக இருக்கும் அந்தப் பொறுப்பான பிள்ளையைப் பற்றி யாரும் ஆலோசனை ஆசிரியரிடம் போய்ச் சொல்வதில்லை. பிரச்சினை பண்ணுகிற பையன் மட்டும்தான் நம் கண்ணில் படுகிறான். நூலில் நமக்கு நேரடியாகப் பயன்படும் முதல் பாடம் இது. அமைதியாக எல்லாவற்றையும் சமாளிக்கும் பிள்ளையையும் கவனியுங்கள்.

எங்கே இடிக்கிறது?

இந்த நூலைச் சக ஆய்வாளர்கள் பலர் கடுமையாக விமர்சித்தார்கள். 60 குடும்பம் என்பது சிறிய எண்ணிக்கை. எல்லாரும் கலிபோர்னியாவின் வசதியான ஒரு வட்டாரத்து மக்கள், பெரும்பாலும் வெள்ளையர்கள். ஆலோசனை உதவி கிடைக்கும் என்று வந்த குடும்பங்கள். பெற்றோர் பிரியாத வீட்டுப் பிள்ளைகளோடு ஒப்பிடும் வேலை ஆரம்பத்தில் இல்லை. பல வருடம் கழித்துத்தான் ஒப்பீட்டுக் குழு ஒன்று சேர்க்கப்பட்டது. அப்படியானால் ஒருவருடைய துன்பத்துக்குக் காரணம் மணமுறிவா, அதற்கு முன்பே வீட்டில் இருந்த பிரச்சினையா, இல்லை எல்லா இளைஞர்களுக்கும் வரும் குழப்பமா என்று எப்படிப் பிரித்துச் சொல்வது?

2002-இல் மேவிஸ் ஹெதரிங்டன் தம் நூலை வெளியிட்டார். ஏறக்குறைய 1,400 குடும்பங்கள், 2,500-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் என்று பரந்த ஆய்வு அது. பெற்றோர் பிரிந்த பிள்ளைகளில் 20 முதல் 25 விழுக்காட்டினருக்கு நீண்ட காலப் பிரச்சினைகள் இருந்தன. பிரியாத வீட்டுப் பிள்ளைகளில் அது 10 விழுக்காடு. இந்த எண்களை இரண்டு பக்கமும் வாசிக்க வேண்டும். ஆபத்து ஏறக்குறைய இரு மடங்காகிறது, அதை மறைக்கக்கூடாது. அதே சமயம் நாலு பேரில் மூன்று பேர் மற்றவர்களைப் போலவே படித்து, வேலைக்குப் போய், குடும்பம் நடத்துகிறார்கள். "அதான் அப்படி" என்ற நம் வாக்கியம் அந்த மூன்று பேரையும் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

பால் அமேட்டோவும் ஆலன் பூத்தும் 1997-இல் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. வீட்டில் ஓயாத சண்டையும் அடிதடியும் இருந்தால், பெற்றோர் பிரிந்தபின் பிள்ளைகள் வளர்ந்து நன்றாகவே இருக்கிறார்கள். வெளியே பெரிதாகச் சண்டை தெரியாமல் இருந்து திடீரென்று பிரிந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் அடி அதிகம். அந்தப் பிள்ளைக்கு அது எங்கிருந்து வந்தது என்றே புரிவதில்லை.

இது நமக்கு முக்கியம். "பிள்ளைங்களுக்காகப் பொறுத்துக்கோம்மா" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். குடித்துவிட்டு வந்து அடிக்கும் வீட்டில் பொறுத்துக்கொள்வது பிள்ளைக்கு நல்லது என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை. நம் நாட்டில் 1994-லேயே குடும்ப வன்முறைச் சட்டம் இயற்றப்பட்டுவிட்டது. பாதுகாப்பு உத்தரவு கேட்க வழி இருக்கிறது. உடனடி உதவிக்குத் தாலியான் காசே 15999 என்ற எண் இருக்கிறது. அறிவுரை சொல்லும் முன் அந்த எண்ணைச் சொல்லுங்கள்.

தோட்டத்துக் கதையும் சேர்த்து

இன்னொரு பேச்சும் நம் மத்தியில் உண்டு. "அந்தக் காலத்துல தோட்டத்துல இதெல்லாம் இல்ல சார். இப்பத்தான் பொம்பளைங்க வேலைக்குப் போக ஆரம்பிச்சாங்க, குடும்பம் உடையுது." கேட்க நன்றாக இருக்கிறது. உண்மை அப்படி இல்லை. தோட்டத்துப் பெண்கள் எப்போதுதான் வேலைக்குப் போகவில்லை? விடியுமுன் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பால் வெட்டப் போனவர்கள் நம் பாட்டிமார்கள்.

வணிக முறையில் ரப்பர் பயிரிடுவது இந்த நாட்டில் தொடங்கியதே நம் மாநிலத்தில்தான். 1896-இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் நட்டார், பிறகு புக்கிட் அசகானில் பெரிய அளவில் நட்டார். அந்த மரங்களை நம்பிக் கப்பலேறி வந்த குடும்பங்கள் அன்றிலிருந்தே பிரிந்தும் சேர்ந்தும்தான் இருந்தன. ஒருவர் இங்கே, மனைவி மக்கள் ஊரில். 1930-களின் பொருளாதார மந்தத்தில் பெருந்தொகையானோர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1942, 43-இல் சயாம் ரயில் பாதைக்குத் தோட்டங்களில் இருந்து ஆட்களைப் பிடித்துப் போனார்கள், பலர் திரும்பவே இல்லை. 1969-இல் வேலை பெர்மிட் விதி வந்தபோது குடியுரிமை இல்லாதவர்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேறினார்கள். அப்பா இல்லாத வீடு நமக்குப் புதியதல்ல.

ஆனால் ஒரு வித்தியாசம் இருந்தது. லயத்தில் அப்பா இல்லாத பிள்ளைக்கு அடுத்த வீட்டில் சித்தி இருந்தார், எதிர் வரிசையில் தாய்மாமன் இருந்தார், பாட்டி கூடவே இருந்தார். பள்ளிக்கூடம் தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. அப்பா போனாலும் வீடும் பள்ளியும் கூட்டாளிகளும் மாறவில்லை. அங்கே எல்லாம் சுகம் என்று நான் சொல்லவில்லை. கள்ளுக்கடையும் சம்சுவும் எத்தனை வீட்டைக் கெடுத்தன என்று எல்லாருக்கும் தெரியும். அடி வாங்கிய அம்மாவுக்குப் போக வேறு இடமும் இல்லை, லயத்து வீடே வேலையோடு ஒட்டியதுதான். இருந்தாலும் பிள்ளைக்கு ஒரு இடம் நிலையாக இருந்தது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, விற்கப்பட்டு, செம்பனையாகவும் வீடமைப்புத் திட்டங்களாகவும் மாறியபோது அந்த இடம் போனது. இன்று ஒரு குடும்பம் பிரிந்தால் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அம்மா பத்து பெரெண்டாம் பக்கம் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அப்பா ஜொகூரிலோ சிங்கப்பூரிலோ. அடுக்குமாடி வீட்டுக்கு வாடகை கட்ட முடியாமல் இன்னொரு தாமானுக்கு மாறுகிறார்கள். பள்ளி மாறுகிறது. பாட்டி வேறு ஊரில். ஒரே பிரிவில் பிள்ளை நாலைந்து விஷயங்களை இழக்கிறது. பிற்காலப் பாதிப்பு என்று நூல்கள் சொல்வதில் எவ்வளவு பங்கு அப்பா அம்மா பிரிந்ததால் வந்தது, எவ்வளவு பங்கு வருமானம் குறைந்து வீடும் பள்ளியும் மாறியதால் வந்தது? வாலர்ஸ்டீன் நூல் மனத்தின் காயத்தையே அதிகம் பேசுகிறது. நம் ஊரில் வாடகையையும் பேருந்தையும் பாட்டியையும் சேர்த்துப் பேசாமல் இந்தக் கதையைச் சொல்லவே முடியாது.

18 வயதில் விழும் கத்தி

ஆனாலும் இந்த நூலில், பணத்தைப் பற்றிய ஒரு பகுதி இருக்கிறது. என் கணிப்பில் நூலின் மிக முக்கியமான பகுதி அதுதான். மேடைகளில் அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. பெற்றோர் பிரிந்த பிள்ளைகளில் பெரும்பான்மையோருக்குக் கல்லூரிப் படிப்புக்கு முழுமையான ஆதரவு கிடைக்கவில்லை. அப்பாவுக்கு வசதி இருந்தது, படிப்பின் அருமையும் தெரிந்திருந்தது. ஆனால் நீதிமன்றம் சொன்ன பராமரிப்புத் தொகை 18 வயதோடு முடிந்தது, அதோடு அவரும் நிறுத்திக்கொண்டார். பிரியாத வீட்டுப் பிள்ளைகளின் நிலை இதற்கு நேர்மாறு. 18 வயதில் வழி பிரிந்தவர்கள் 40 வயதிலும் வேறு வேறு இடத்தில்தான் நிற்பார்கள் என்பதற்கு உளவியல் தேவையில்லை, கணக்கே போதும்.

இங்கே நம் நாட்டுச் சட்டத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்துக்கும் மணவிலக்குக்கும் உரியது 1976-ஆம் ஆண்டுச் சட்டம் 164. அது 1982 மார்ச் 1-இல் நடப்புக்கு வந்தது. பிள்ளையைப் பராமரிக்கும் உத்தரவு 18 வயதோடு முடியும் என்பது அதன் 95-ஆம் பிரிவு. உடற்குறை, மனநலக் குறை இருந்தால் மட்டும் விலக்கு. மேற்படிப்பையும் அதில் சேர்க்க முடியுமா என்ற கேள்வி கூட்டரசு நீதிமன்றம் வரை போனது. முடியாது என்று 2004-இல் தீர்ப்பானது. அதாவது எஸ்.பி.எம். முடித்த கையோடு அப்பாவின் சட்டக் கடமை முடிந்துவிடும். பிள்ளை படிவம் 6-க்கோ மெட்ரிகுலேஷனுக்கோ டிப்ளோமாவுக்கோ போக வேண்டிய அதே வருடம்!

இந்தப் பிரிவு 2017-இல் திருத்தப்பட்டது. திருத்தம் 2018 டிசம்பர் 15-இல் நடப்புக்கு வந்தது. இப்போது மேற்கல்வியோ பயிற்சியோ முடியும் வரை பராமரிப்பு தொடரலாம். இதை நம் தாய்மார்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? "பதினெட்டு வயசாச்சு, இனிமே கேக்க முடியாதுன்னு சொல்லிட்டாரு" என்று அம்மா ஒதுங்கிவிடுவார். பிள்ளை படிப்பை விட்டுவிட்டுத் தொழிற்சாலைக்குப் போய்விடும். பத்து வருடம் கழித்து அந்தப் பிள்ளையைப் பார்த்து நாம் சொல்வோம், "அப்பா அம்மா பிரிஞ்ச வீடு, அதான் மேல வரல." காரணத்தை எவ்வளவு தப்பாகப் பிடிக்கிறோம் பாருங்கள்.

சில வீடுகளில் இதற்கும் முன்பே சிக்கல் உண்டு. கோயிலில் தாலி கட்டியாயிற்று, பதிவிலாகாவுக்குப் போகவில்லை. அப்படிப்பட்ட திருமணத்தில் பிறந்த பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் அப்பா பெயர் ஏற வேண்டுமென்றால் இருவரும் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். பிரிந்தபின் யார் சேர்ந்து போவார்கள்? பத்திரத்தில் விடுபட்ட அந்த ஒரு பெயர், 12 வயதில் அடையாள அட்டைக்குப் போகும்போதும் பின்னாலும் பிள்ளையைத் துரத்தும். இதுவும் "பெற்றோர் பிரிவின் நீண்ட காலப் பாதிப்பு"தான். அமெரிக்க நூலில் இதற்கு இடமில்லை.

நூல் போகாத இடம்

இன்னும் இரண்டு இடங்களுக்கு அந்த நூல் போவதில்லை. ஒன்று கல்யாணம். காதலையும் நம்பிக்கையையும் பற்றி வாலர்ஸ்டீன் நிறைய எழுதுகிறார். பெற்றோர் பிரிந்த பிள்ளைகள் வளர்ந்து, "எனக்கும் இப்படித்தான் ஆகுமோ" என்று பயப்படுவதை நன்றாகக் காட்டுகிறார். ஆனால் நம் வீட்டில் கல்யாணம் இரண்டு பேரோடு முடிகிற விஷயமா? பெண் பார்க்க வரும்போதே, "அப்பா எங்க?" என்று கேட்பார்கள். அழைப்பிதழில் யார் பெயரைப் போடுவது? மணமேடையில் பாத பூஜைக்கு யார் உட்காருவது? 20 வருடம் தனியாக நின்று வளர்த்த அம்மா ஓரமாக நிற்பார், பெரியப்பாவும் பெரியம்மாவும் ஜோடியாக உட்காருவார்கள். அந்தப் பெண்ணுக்கு அன்று வலிப்பதற்குக் காரணம் பழைய காயம் மட்டும் இல்லை. அன்றைக்கு நாம் புதிதாகக் கொடுக்கிற காயமும் சேர்ந்துதான். அம்மா தனியாக உட்கார்ந்து தாரை வார்த்துக் கொடுத்தால் வானம் இடிந்து விழுந்துவிடாது. கோயில் நிர்வாகங்களில் இருக்கும் ஆசிரியர்கள் இதைப் பேசித் தொடங்கலாம்.

இரண்டாவது, முதுமையும் சாவும். நூலில் வருகிறவர்கள் பெரும்பாலும் முப்பதுகளில் நிற்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு அதன் பிறகும் ஒரு தேர்வு இருக்கிறது. சின்ன வயதில் விட்டுப்போன அப்பா படுக்கையில் விழுந்ததும், "ஆயிரம் இருந்தாலும் அப்பா" என்று உறவுகள் போன் அடிக்கும். பேசிப் பழகாத ஒருவருக்குக் கொள்ளி வைக்கச் சொல்லும். வைத்தால் அம்மாவுக்குத் துரோகமா, வைக்காவிட்டால் பாவமா என்று அவன் தவிப்பான். அதற்கு நான் விடை சொல்லப் போவதில்லை, அது அவனுடைய முடிவு. அந்த நேரத்தில் அவனைத் திட்டாமல் கேட்க ஒரு ஆள் இருந்தால் போதும். அந்த ஆள் அவனுடைய பழைய வாத்தியாராகவும் இருக்கலாம்.

நாம் என்ன செய்யலாம்?

நூலை ஒதுக்க வேண்டாம், அப்படியே விழுங்கவும் வேண்டாம். மலாக்காவில் உள்ள 21 தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பாலானவை சின்னப் பள்ளிகள். ஒரு பிள்ளையின் வீட்டு நிலவரம் ஆசிரியருக்குத் தெரியாமல் இருக்காது. அதுவே நம் பலம், அதை வைத்தே சிலவற்றைச் செய்யலாம்.

முதலாவது, 'என் குடும்பம்' கட்டுரை. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்று மாதிரிக் கட்டுரையை வெள்ளைப் பலகையில் எழுதிப் போட்டால், பாட்டி வீட்டில் வளரும் பிள்ளை பொய் எழுதக் கற்றுக்கொள்ளும். "எங்க அப்பா சிங்கப்பூர்ல வேலை செய்றாரு டீச்சர்" என்று வருடக்கணக்காகச் சொல்லும். 'என்னை வளர்ப்பவர்கள்' என்றும் ஒரு தலைப்புக் கொடுத்துப் பாருங்கள். தந்தையர் தின வாழ்த்து அட்டையைத் தாத்தாவுக்கோ மாமாவுக்கோ செய்யலாம் என்று முன்கூட்டியே வகுப்புக்கே பொதுவாகச் சொல்லிவிடுங்கள். அந்தப் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

இரண்டாவது, தேர்ச்சி அறிக்கை நாள். பிரிந்த பெற்றோர் இருவரில் ஒருவர் மட்டும் வந்தால் மற்றவரைப் பற்றிப் பிள்ளை முன்னால் விசாரிக்க வேண்டாம். நீதிமன்றத்தின் பராமரிப்பு உத்தரவு இருந்தால் அதன் நகலைக் கோப்பில் வையுங்கள். பிள்ளையை யார் அழைத்துப் போகலாம் என்ற சண்டையில் ஆசிரியர் நீதிபதியாக வேண்டிய தேவை வராது.

மூன்றாவது, வீடு மாறினாலும் முடிந்தவரை பள்ளி மாறாமல் இருக்க உதவுங்கள். போக்குவரத்துக்கு யாராவது கிடைப்பார்களா என்று பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் கேளுங்கள். பிள்ளைக்கு மாறாத இடம் ஒன்றாவது மிஞ்சட்டும்.

நான்காவது, இடைநிலைப்பள்ளியில் இருக்கும் நண்பர்களுக்கு. படிவம் 4, 5 மாணவர்களில் பெற்றோர் பிரிந்தவர்கள் யார் என்று ஆலோசனை ஆசிரியருக்குத் தெரிந்திருக்கும். அந்தத் தாய்மாரிடம், 18 வயதுக்குப் பிறகும் படிப்புக்குப் பராமரிப்புக் கேட்கலாம் என்று சொல்லுங்கள். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால், வருமானத் தகுதி பார்த்து உதவும் சட்ட உதவித் துறை இருக்கிறது. சமூகநல இலாகாவில் பிள்ளைகளுக்கான மாத உதவியும் உண்டு. எஸ்.பி.எம். முடிவு வந்தபின் சொன்னால் தாமதம். படிவம் 4-லேயே சொல்லிவிடுங்கள், பாரம் நிரப்பக் கூட உட்காருங்கள்.

இவ்வளவும் செய்தாலும் சில பிள்ளைகள் காயத்தோடுதான் வளர்வார்கள். வாலர்ஸ்டீன் அதைச் சொன்னது தப்பில்லை. ஆனால் அடுத்த முறை ஆசிரியர் அறையில் யாராவது, "அதான் அப்படி" என்று முடிக்கும்போது, நீங்கள் ஒரு கேள்வி கேளுங்கள்: "சரிங்க, இப்ப அந்தப் புள்ள யாரோட இருக்கு, எப்படி ஸ்கூலுக்கு வருது, காலையில பசியாறிட்டு வருதா?" அந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தவர்தான் அடுத்ததை யோசிக்க முடியும்.